பல்லாயிரம் பேரின் ரத்தம், ஒரு குப்பி

ரத்ததான முகாமில் நிரப்பும் படிவத்தில் சாதிக்கு இடம் கிடையாது. ஆனால் தருமபுரியில் அந்தக் கேள்வி எப்படியாவது வந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் 14 அன்று நாங்கள் நடத்திய முகாமுக்கு, கல்லூரித் தோழனோடு ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் வந்திருந்தான். கையில் ஊசி ஏறிய பிறகு, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டான்: "அண்ணா, இது யாருக்குப் போகும்?"

அவன் எதைக் கேட்கிறான் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். "தேவைப்படுறவங்களுக்குப் போகும் தம்பி" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். பதிலில் தப்பில்லை. ஆனால் அரைகுறை. முழுப் பதில் எனக்கே தெரிந்தது, எங்கள் காலனியில் ஒரு பையனுக்கு மாதாமாதம் ஏற்ற வேண்டிய மருந்துக்காக அவன் அப்பாவோடு சேர்ந்து அலைந்தபோதுதான்.

அந்த வீட்டில் அவனுக்கு முன் பிறந்த ஆண் குழந்தை ஒரு வயது நிறைவதற்குள் இறந்துவிட்டது. அவன் அம்மாவின் தம்பியும் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு போனவர். இவனுக்கோ காதில் ஓயாத சீழ், ஒரு நிமோனியா, மூன்று மாதத்தில் இன்னொரு நிமோனியா. "அந்த வீட்ல ஆம்பளப் பிள்ள தங்காது" என்று தெருவே முடிவுகட்டியிருந்தது. முனியப்பனுக்குக் கிடா வெட்டினார்கள், கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். நான்காவது வயதில்தான் ஒரு பெண் மருத்துவர், பையனை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "உங்க பக்கத்துல ஆம்பளப் பசங்க யாராவது சின்ன வயசுலயே தவறியிருக்காங்களாம்மா?" பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். இம்யூனோகுளோபுலின் அளவு. வந்த அறிக்கையில் ஐஜிஜி என்ற இடத்தில் இருந்த எண், ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இம்யூனோகுளோபுலின் என்பது ஆன்டிபாடிதான், பாடப்புத்தகத் தமிழில் எதிர்ப்பான். ஒரு கிருமியை ஒருமுறை பார்த்த உடம்பு அதை மறக்காமல் வைத்துக்கொள்ளும் வழி அது. சில குழந்தைகளுக்கு அதைச் செய்யும் பி செல்களே உருவாவதில்லை. 1952இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் இப்படி ஒரு எட்டு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். திரும்பத் திரும்ப நோய்த்தொற்று, ஆனால் ரத்தத்தில் காமா குளோபுலின் இல்லை. அவர் செய்த வைத்தியம் எளிமையானது. மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பான்களை அந்தப் பையனுக்கு ஊசியாகப் போட்டார். பையன் தேறினான். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை வைத்தியம் அதுதான். ஊசி மட்டும் பெரும்பாலும் நரம்பு வழியே ஏறுகிறது, பெயர் ஐவிஐஜி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த அம்மா கட்டியிருந்தது சொந்தத் தாய்மாமனை. நோயின் பெயர் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாம், "சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்" என்றார்கள். கட்டிவைத்ததே அவர்கள்தான் என்பது வேறு. ஆனால் இந்த நோய் அப்படி வருவதில்லை. இது எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவின் பிழை. அம்மாவிடமிருந்து மகனுக்கு வரும், அப்பா யாராக இருந்தாலும் வரும். மருத்துவர் அதைப் பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகு பழி கல்யாணத்தை விட்டு அம்மாவின் தலையில் ஏறியது. நம் வீடுகளில் அறிவியல் நுழைந்தாலும் முதலில் பெண்ணைத்தான் தேடிப் போகிறது.

2022 ஜனவரியில் கொரோனாவின் ஒமைக்ரான் அலை வந்தபோது அந்த வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல். மற்றவர்களுக்கு ஐந்தாறு நாளில் போய்விட்டது. பையனுக்கு மார்ச் வரை போகவில்லை. விட்டு விட்டுக் காய்ச்சல், இருமல், சோதித்தால் பாசிட்டிவ். ஊரடங்குக் காலத்தில் வேலையும் இல்லாமல், பஸ்ஸும் இல்லாமல், அவனுக்கான குப்பிகள் பல மாதம் தவறியிருந்தன. எதிர்ப்பான் இல்லாத உடம்பில் வைரஸ் விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனாகிவிடும். கொரோனா மட்டுமல்ல, குடலில் வாழும் என்டெரோ வைரஸ்கள் இப்படிப்பட்ட குழந்தைகளின் மூளைவரை போய் வருடக்கணக்கில் தங்கியிருக்கின்றன. பையனுக்கு மறுபடி குப்பிகள் ஏறத் தொடங்கிய பிறகு காய்ச்சல் இறங்கியது. மருந்தால்தானா என்று கேட்டேன். "இருக்கலாம்" என்றார் மருத்துவர். அதற்கு மேல் சொல்ல மறுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

ஏனென்றால் எதிர்ப்பான் விஷயத்தில் நாடே எப்படிக் குழம்பியது என்பதை நாம் பார்த்தோம். 2020இல் கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவைப் பல நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். அதே ஆண்டு ஐசிஎம்ஆர் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தது. சாவும் குறையவில்லை, நோய் முற்றுவதும் குறையவில்லை. அந்த முடிவு வெளிவந்த பிறகும், 2021 ஏப்ரல், மே மாதங்களில் வாட்ஸ்அப் முழுக்க பிளாஸ்மா கேட்டு அழுகை. அந்த மே மாத நடுவில்தான் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து அதை எடுத்தார்கள். காரணம் லேசாகப் புரியக்கூடியதுதான். தானாகவே எதிர்ப்பான் உண்டாக்கும் உடம்புக்கு அடுத்தவரின் எதிர்ப்பானால் பெரிய பயன் இல்லை.

ஆனால் தானாக உண்டாக்க முடியாதவர்களுக்கு? 2020இலேயே பிரான்சில் பி செல்கள் இல்லாத, வாரக்கணக்கில் கொரோனா விடாத 17 பேருக்கு அதே பிளாஸ்மாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் 48 மணி நேரத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சின்ன ஆய்வுதான். இதே காலத்தில் அமெரிக்காவில் 154 நாள் வைரஸோடு இருந்த ஒருவருக்கு ஆய்வகத்தில் தயாரித்த எதிர்ப்பான் கலவை கொடுத்தும் அவர் இறந்துபோனார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மந்திரம் இல்லை இது. ஆனாலும் பிளாஸ்மா யாருக்குத் தேவையோ அவர்களை நாம் தேடவே இல்லை. தேவையில்லாதவர்களுக்கு ஏற்றுவதற்காகத் தெருத்தெருவாக அலைந்தோம்.

அந்த ஆய்வக எதிர்ப்பான் கலவை இந்தியாவுக்கும் வந்தது. 2020 அக்டோபரில் டிரம்புக்கு ஏற்றிய அதே மருந்து. 2021 மே மாதம் இங்கே விற்பனைக்கு வந்தபோது ஒருவருக்கான அளவின் விலை 59,750 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 273 ரூபாய். வகுத்துப் பாருங்கள், 219 நாள் வரும். ஒரு குடும்பத்துக்கு அப்போது ஆண்டுக்குக் கிடைத்ததோ அதிகபட்சம் 100 நாள். இரண்டு வருட மண்வெட்டி வேலைக்கும் மேலே ஒரே ஒரு ஊசி. பிறகு ஒமைக்ரான் வந்து அந்த மருந்தே செல்லாக்காசானது. அதுவரை வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள்.

இனி ஐவிஐஜி குப்பிக்கு வருகிறேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அது ஒருவரின் ரத்தத்திலிருந்து வருவதில்லை. ஒரு தொகுதி மருந்துக்குக் குறைந்தது ஆயிரம் பேரின் பிளாஸ்மாவையாவது ஒன்றாகக் கலக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் விதி. நடைமுறையில் பல்லாயிரம் பேருடையதைக் கலக்கிறார்கள். எவ்வளவு பேர் கலக்கிறார்களோ அவ்வளவு விதமான கிருமிகளின் நினைவு அந்தக் குப்பிக்குள் சேரும். ஒரே மாதிரி ஆட்களின் ரத்தத்தை மட்டும் எடுத்தால் மருந்து இளைத்துப்போகும். கலப்புதான் அதன் வீரியம்.

"எல்லார் ரத்தமும் சிவப்புதானே" என்ற வசனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தவர்களும் அந்த வசனத்துக்குத் தியேட்டரில் கைதட்டியவர்கள்தான். ஒரு பெண்ணும் இளவரசனும் கல்யாணம் செய்துகொண்டதற்காக நடந்தது அது. அடுத்த ஜூலை 4 அன்று இளவரசனைத் தண்டவாளத்தோரம் பிணமாகப் பார்த்தோம். ரத்தத்தின் நிறம் ஒன்று என்பது எரித்தவர்களுக்கும் தெரியும். அவர்களுடைய கவலை நிறத்தைப் பற்றியதே இல்லை, கலப்பதைப் பற்றியது. (பிளாஸ்மா சிவப்பும் இல்லை, வைக்கோல் மஞ்சள்.) அந்தக் கும்பலில் ஒருவரின் பேரப்பிள்ளைக்கு நாளை எதிர்ப்பான் இல்லை என்று தெரிந்தால், அந்தக் குழந்தையைக் காப்பாற்றும் குப்பி, யாரெல்லாமோ கலந்த குப்பியாகத்தான் இருக்கும். வேறு வகைக் குப்பியை இன்றுவரை யாரும் செய்யவில்லை.

1916 மே மாதம் கொலம்பியாவில், 25 வயதில், அம்பேத்கர் வாசித்த கட்டுரை சாதியின் உயிர்நாடியாகச் சுட்டியது அகமணத்தைத்தான். தீண்டாமை, உணவு, தொழில் எல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய வேலி. நூறாண்டு கழித்து மரபியல் அதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தது. 2017இல் ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 குழுக்கள், மரபணு நோய்களுக்கு உலகமே உதாரணம் காட்டும் பின்லாந்து மக்களையும் அஷ்கநாசி யூதர்களையும் விட நெருக்கமாகத் தமக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவை. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள சாதிகளும் அதில் இருந்தன. இதற்கு மேல் நாம் சொந்தத்திலும் கட்டுகிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் ரத்த உறவில் மணந்தவர்கள். தாய்மாமன் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்கு, அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் ஒரு மரபணுவின் ஒரே பிரதி வந்து சேர எட்டில் ஒரு பங்கு இடமிருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் நோய்களில் பல, காலனிப் பையனுக்கு வந்ததைப் போல இல்லாமல், இந்த வழியில் வருபவை.

இந்த வாதத்தை நான் தயங்கித்தான் எழுதுகிறேன். "ஆரோக்கியமான பிள்ளைக்காகச் சாதி மறுப்புத் திருமணம்" என்று பேச ஆரம்பித்தால், கொஞ்ச தூரத்தில் "நல்ல ரத்தம், கெட்ட ரத்தம்" என்ற அவர்களுடைய திண்ணையிலேயே போய் உட்கார்ந்துவிடுவோம். அகமணத்தால் ஒரே ஒரு குழந்தைக்குக்கூட நோய் வராது என்று நாளை நிரூபித்தாலும் சாதி அதே அளவு அநியாயம்தான். தாய்மாமனைக் கட்டிய எங்கள் வீட்டுப் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் நான் தயாரில்லை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: தூய்மை என்று அவர்கள் காப்பாற்றுவது உடம்புக்குள்ளும் ஒரு காப்பைத் தரவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நட்டாலில், கட்டுக்குள் வராத எச்ஐவியோடு இருந்த 36 வயதுப் பெண்ணின் உடலில் கொரோனா 216 நாள் தங்கியது. அதற்குள் 30க்கும் மேற்பட்ட மாற்றங்களை அது சேர்த்திருந்தது. சேதி வந்ததும், இப்படிப்பட்டவர்களை 'புதுரக வைரஸ் தொழிற்சாலை' என்று எழுத ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் சின்ன வயதில் போலியோ சொட்டு மருந்து எடுத்த, எதிர்ப்புச் சக்திக் குறைபாடுள்ள ஒருவர், சுமார் 28 ஆண்டுகள் அந்தத் தடுப்பூசி வைரஸை மலத்தில் வெளியேற்றிக்கொண்டிருந்தார் என்று 2015இல் தெரியவந்தது. ஐவிஐஜி அவரை வாதத்திலிருந்து காத்தது, ஆனால் குடலிலிருந்து வைரஸை விரட்ட முடியவில்லை. (இதைப் படித்துவிட்டுச் சொட்டு மருந்து வேண்டாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பே சுற்றியிருக்கிற மற்ற எல்லாக் குழந்தைகளும் தடுப்பூசி போட்டிருப்பதுதான்.) இந்த நோயாளிகளை உலகம் தேடுவது பல நேரம் அவர்களுக்காக இல்லை, அவர்களால் மற்றவர்களுக்கு ஆபத்து என்பதற்காக. ஓர் உடம்பைப் பார்த்தாலே ஒதுங்கு என்று சொல்லும் குரல் நமக்கு ரொம்பப் பழக்கமானது. குவாசுலு நட்டால் பெண்ணுக்கு என்ன ஆனது தெரியுமா? எச்ஐவி மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். எச்ஐவி அடங்கியது, கொரோனாவும் போனது. சிகிச்சை கிடைக்காத உடம்பாக இருந்ததுதான் அவர் செய்த குற்றம்.

அப்படியானால் தருமபுரியில் ஒரு குழந்தைக்குச் சிகிச்சை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கணக்கைப் பார்ப்போம். எடையில் ஒரு கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஏறிய எதிர்ப்பானில் பாதி மூன்று வாரத்தில் கரைந்துவிடும், அதனால் வாழ்நாள் முழுக்க. 20 கிலோப் பையனுக்கு மாதம் சுமார் 10 கிராம். ஒரு லிட்டர் பிளாஸ்மாவிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய நான்கு கிராம். முகாமில் ஒருவர் தரும் 350 மில்லி ரத்தத்தில் பிளாஸ்மா 200 மில்லிகூடத் தேறாது. ஆக, பதின்மூன்று பதினான்கு பேர் படுக்கையில் கை நீட்டினால் அந்தப் பையனுக்கு ஒரு மாதம். எங்களுடைய ஒரு ஏப்ரல் 14 முகாமின் பிளாஸ்மா அவனுடைய அரை வருடம்.

ஆனால் அந்தப் பிளாஸ்மா அவனிடம் நேராக வருவதில்லை. ரத்தத்தை விற்பது 1998 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பேரில். நல்லது. ஆனால் ரத்த வங்கிகளில் மிஞ்சும் பிளாஸ்மா கம்பெனிகளுக்குப் போகும். 2014இல் அதற்கு அரசு வைத்த மதிப்பு லிட்டருக்கு 1,600 ரூபாய். கம்பெனியிலிருந்து திரும்பி வரும்போது ஐந்து கிராம் குப்பி ஒன்றே பல ஆயிரம். அதே லிட்டரிலிருந்து அல்புமினும், ஹீமோபிலியாவுக்கான ஃபேக்டரும்கூட எடுத்து விற்கிறார்கள். சுத்திகரிப்புக்குச் செலவு உண்டு, கிருமி நீக்கம் லேசான வேலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொடுத்தவன் காசு வாங்காத பொருள் அது. கூலிக்காரர்கள், மாணவர்கள், ஊர்க்காரன், காலனிக்காரன் சும்மா கொடுத்தது. அதைத் திரும்ப வாங்க அந்தப் பையனின் அப்பா பெங்களூருவில் சென்ட்ரிங் வேலைக்குப் போனார், வட்டிக்கும் வாங்கினார்.

2021இல் ஒன்றிய அரசு அரிய நோய்களுக்கான கொள்கை கொண்டுவந்தது. பிறகு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி என்று உயர்த்தினார்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அதற்கான சிறப்பு மையங்களில் ஒன்று. எழும்பூர் இங்கிருந்து ஓர் இரவுப் பயணம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு. சித்தேரி மலையிலிருந்து வருகிற குடும்பம் முதலில் அரூர் வந்து சேர வேண்டும்.

இந்த மாநிலத்துக்கு இது புதிய பாடம் இல்லை. எச்ஐவி மருந்து அன்றைக்குச் சிகிச்சையே இல்லை என்கிற விலையில்தான் இருந்தது. எச்ஐவியோடு வாழ்பவர்கள் அமைப்பாகத் திரண்டு கத்தினார்கள். 2001இல் ஓர் இந்தியக் கம்பெனி நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக அந்தக் கூட்டு மருந்தைத் தர முன்வந்து உலகச் சந்தையையே உலுக்கியது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது தாம்பரம் முதல் மையங்களில் ஒன்று. பிறகு மாவட்டங்களுக்கு வந்தது. ஹீமோபிலியா ஃபேக்டரும் இப்போது அரசு மருத்துவமனைகளில் இலவசம். எதிர்ப்பான் குப்பிக்கு அந்தப் பாதை ஏன் மூடியிருக்கிறது? அரசு ரத்த வங்கிகளின் பிளாஸ்மாவை விற்றுவிடாமல், கூலி கொடுத்து மருந்தாக மாற்றித் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் பல நாடுகளில் இருக்கிறது. நம்மிடம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாதிரி வாங்கும் அமைப்பு இருக்கிறது. 1899இல் தொடங்கிய கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் ஒரு காலத்தில் பாம்புக்கடி மருந்து தயாரித்த இடம். எதிர்ப்பான் மருந்தை அரசே செய்வது இங்கே கேள்விப்படாத கதை அல்ல.

அதற்கும் முன்னால், கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வருடத்தில் இரண்டு நிமோனியா வந்த குழந்தைக்கு, சின்ன வயதில் தாய்வழி ஆண்கள் இறந்த வீட்டுக் குழந்தைக்கு, மாவட்ட மருத்துவமனையிலேயே இம்யூனோகுளோபுலின் அளவு பார்க்க முடிய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கையிலேயே, லிம்போசைட் மிகக் குறைந்திருந்தால் சில வகைக் குறைபாடுகள் கண்ணில் பட்டுவிடும். அந்த அறிக்கையைப் படிக்க ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும். நம் பக்கத்தில் "பிள்ளை தங்காத வீடு" என்று பெயர் வாங்கிய வீடுகள் எத்தனை, அவற்றில் எத்தனைக்குக் காரணம் இதுவாக இருந்திருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. காலனியில் ஒரு குழந்தை செத்தால் நிமோனியா என்று எழுதி முடித்துவிடுவது சுலபம்.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. இந்தக் குப்பிகளில் இருப்பது கொடுத்தவர்கள் பட்ட நோய்களின் நினைவு. உலகத்தின் பிளாஸ்மாவில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவில், காசுக்காகக் கை நீட்டுபவர்களிடமிருந்து வருகிறது. டெங்குவும் சிக்குன்குனியாவும் கண்ட உடம்புகள் அங்கே குறைவு. சாக்கடை ஓரத்தில், கொசுவுக்கு நடுவில் வளர்ந்த எங்கள் ஆட்களின் ரத்தத்தில் அந்த நினைவு இருக்கிறது. பெருமையாகச் சொல்லவில்லை, அந்தச் சாக்கடையை யாரும் நாங்கள் கேட்டு வைக்கவில்லை. ஆனால் இந்த மண்ணின் கிருமிகளுக்கு எதிரான மருந்து இந்த மண்ணில் வாழ்பவர்களின் ரத்தத்தில்தான் அதிகம் இருக்கும். கேட்ட இடத்தில் கேள்வி கேட்காமல் கொடுப்பவர்களும் அவர்கள்தான்.

அந்தத் தம்பியை போன மாதம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். ஓசூரில் வேலை கிடைத்துவிட்டதாம். அன்று அவன் கேட்ட கேள்விக்கு இப்போது முழுப் பதிலையும் சொன்னேன். பிளாஸ்மா, கம்பெனி, குப்பி, எங்கள் தெருப் பையன், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவன், பஸ் கிளம்பும்போது படியில் நின்று, "அவனுக்கு அடுத்து எப்பண்ணா ஏத்தணும்?" என்றான்.

வியாழக்கிழமை. இரண்டு குப்பி வேண்டும், ஒன்றுக்குத்தான் பணம் சேர்ந்திருக்கிறது.